அம்மாவின் பெருவிரல் நகம்

அம்மாவின் வலது கால் பெருவிரல் நகம் எப்போது நிறம் மாறத் தொடங்கியது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. 2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு நாள், குளித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் நான் அதைக் கூர்ந்து பார்த்தேன். வெளிநுனியிலிருந்து முக்கால் பங்கு நகம் காய்ந்த மஞ்சள் கிழங்கின் நிறத்தில் தடித்துப் போயிருந்தது. ஓரத்தில் நகம் சதையை விட்டுப் பெயர்ந்து, அந்த இடுக்கில் பொரிகடலை மாவைப் போல வெளிறிய தூள் அடைந்திருந்தது. தீக்குச்சியால் மெல்லத் தொட்டபோது அது உதிர்ந்து தரையில் விழுந்தது. "வயசாயிட்டா நகமும் கிழடுதட்டத்தான் செய்யும், இதுக்குப் போயி டாக்டராய்யா" என்று சொல்லிக் காலை மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி சற்றுக் குறைந்திருக்கிறது என்று ஏற்கெனவே மருத்துவர் சொல்லியிருந்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கு நகச்சொத்தை, அதாவது பூஞ்சை தாக்கி நகம் கெட்டுப்போவது, பார்வைக்கு அசிங்கமான நகம் என்ற அளவோடு நிற்பதில்லை. தடித்த நகம் செருப்புக்குள் அழுந்தி அடிச்சதையில் புண் உண்டாக்கினால், உணர்ச்சி குறைந்த காலுக்கு அது தெரியாது. விரலிடுக்கில் ஊறி வெடித்த தோல் வழியாகப் பாக்டீரியா உள்ளே போனால் கால் முழுவதும் சிவந்து வீங்கிக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும். நான் கவலைப்பட்டது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

அவள் பத்தமடைப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்திலும் நாற்று நடவும் களை பறிக்கவும் சேற்றில் நின்ற கால்கள் அவை. சேற்றுப்புண் அந்த ஊர்ப் பெண்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைப் போல வந்துபோகிற ஒன்று. மருதாணியை மஞ்சளோடு அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு மறுநாள் மறுபடியும் வயலில் இறங்கிவிடுவார்கள். பின்னர் எங்களோடு திருநெல்வேலிச் சந்திப்புப் பக்கம் வந்து தங்கிய பிறகு வயல் வேலை இல்லாமல் போயிற்று என்றாலும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தாமிரபரணித் தண்ணீர் தெருவுக்குள் வந்து, வடிந்த பிறகும் பல நாள் சேறும் சாக்கடையும் கலந்த ஈரத்தில் நின்றுதான் வீட்டைக் கழுவி முடித்தோம். அதற்குப் பிறகு அவளுடைய நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு நடுவில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்துகொண்டே இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியிருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. நகச்சொத்தை பெரும்பாலும் நகத்தில் தொடங்குவதில்லை, விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும்தான் தொடங்குகிறது. அதற்குப் பெரும்பாலும் காரணமான பூஞ்சையின் பெயர் டிரைக்கோபைட்டான் ரூப்ரம். தோலிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது அது. கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1910இல் இதை விவரித்து எழுதினார்; அதாவது நம் பக்கத்து வெப்பமும் ஈரமும் இதற்குப் புதியவை அல்ல. விரலிடுக்கில் மாதக்கணக்கில் குடியிருக்கும் பூஞ்சை, நகத்தின் வெளிநுனியும் தோலும் சேரும் இடத்தில் சிறு பிளவு கிடைத்தால் அதன் வழியே நகத்துக்கு அடியில் புகுந்து, வேரை நோக்கி மெல்ல மெல்ல முன்னேறுகிறது. கல்லில் இடித்துக்கொண்ட நகம், இறுக்கமான ஷூவில் நாள்தோறும் முட்டுப்படும் நகம், வயதினால் வளர்ச்சி குறைந்த நகம், சர்க்கரையாலோ புகைப்பழக்கத்தாலோ இரத்த ஓட்டம் குறைந்த காலின் நகம் ஆகியவை எளிதில் இதற்கு ஆட்படுகின்றன.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நகச்சுத்தி என்பது நகத்தைச் சுற்றியுள்ள சதை வீங்கிச் சீழ் கோத்துத் தெறிக்கத் தெறிக்க வலிப்பது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்வோமே, அது. பெரும்பாலும் பாக்டீரியாவால் சட்டென்று வருவது. நகச்சொத்தையோ வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வளர்வது. வலி இல்லாததால்தான் இவ்வளவு நாள் விட்டுவிடுகிறோம்.

நாங்கள் செய்த முதல் தவறு, மருத்துவரிடம் போகாமல் மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கியது. விரலிடுக்கில் தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது, ஒரு வாரத்தில் தோலும் வறண்டு நன்றாகத் தெரிந்தது. நிறுத்திய பத்தே நாளில் முன்பைவிட அகலமாகத் திரும்பி வந்தது; மறுபடி தடவினோம், மறுபடி அடங்கியது. இப்படியே இரண்டு மாதங்கள் கழிந்தன. பிறகு அந்தக் களிம்பின் உறையைத் தோல் மருத்துவர் வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் கிளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் ஒன்றாகக் கலந்திருப்பதைக் காட்டினார். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அமுக்கிவிடுவதால் நோய் குணமானதுபோலத் தோன்றும், ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்குவதால் அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவும். இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது. நாடு முழுவதும் படர்தாமரை என்ற தோல் பூஞ்சை நோய் இப்போது எளிதில் மருந்துக்கு அடங்காததாக மாறியிருப்பதற்கு இந்தக் கலப்புக் களிம்புகள் ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். தயவுசெய்து களிம்பு வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் பூஞ்சைக்கு அதைப் பூசாதீர்கள்.

மருதாணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருதாணிக்குப் பூஞ்சையை ஓரளவு தடுக்கும் தன்மை ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டிருப்பதால், நம் பாட்டிமார் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தடித்த நகத்தைத் துளைத்து அடிக்குப் போகாது. போதாக்குறைக்கு அதன் சிவப்பு நகத்தின் நிறமாற்றத்தையே மறைத்துவிடும். அம்மா மாதந்தோறும் கால் விரல்களுக்கு மருதாணி வைத்துக்கொள்பவள். அந்தச் சாயத்துக்கு அடியில்தான் இந்த மஞ்சள் நிறம் எங்கள் கண்ணில் படாமல் வளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை மாதம் தோல் மருத்துவரிடம் போனோம். பார்த்தவுடன் மாத்திரை எழுதித் தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு வாரம் எந்தக் களிம்பும் பூசாமல் திரும்பி வரச் சொன்னார். மருந்து பூசிய நகத்திலிருந்து எடுத்த மாதிரியில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பது காரணம். திரும்பிப் போனபோது நகத்தின் நுனியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, அடியில் நல்ல நகத்தை ஒட்டிய இடத்திலிருந்து அந்த மாவைச் சிறு கரண்டிபோன்ற கருவியால் சுரண்டி ஒரு கறுப்புத் தாளில் சேகரித்தார். உயிருள்ள பூஞ்சை அந்த எல்லையில்தான் இருக்கும், நுனியில் கிடைப்பது பெரும்பாலும் செத்த குப்பை. அந்தத் தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் நகச் செல்கள் கரைந்து, பூஞ்சையின் இழைகள் மட்டும் நுண்ணோக்கியில் கிளைகிளையாகத் தெரியும். செலவு அதிகமில்லாத சோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளிலும் செய்கிறார்கள். இதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் வலுவாக இருந்தால், பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு மூன்று, நான்கு வாரங்கள் ஆகும்.

இந்தச் சோதனை ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு விளங்கியது அம்மாவால் அல்ல, மதினியால். முக்கூடலில் இருக்கும் மதினி இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பீடி சுற்றுகிறார். முந்தின இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, மறுநாள் முழுவதும் அந்த ஈர இலையை வெட்டிச் சுருட்டுகிற கைகள் அவருடையவை. அவருடைய கைவிரல் நகங்களில் மூன்று, நிறம் மாறி நுனியில் பெயர்ந்திருந்தன. ஈரத்தில் ஊறும் கைகளில் கேண்டிடா என்ற இன்னொரு வகைப் பூஞ்சை நகத்தைத் தாக்குவது வழக்கம் என்று நான் படித்திருந்ததால், அம்மாவின் மாத்திரையையே மதினிக்கும் வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மருத்துவர் மதினியின் நகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். தையல் விரலுறையின் மேல் இருக்கும் குழிகளைப்போல நகத்தின் மேல் ஊசி முனையளவு குழிகள் வரிசையின்றிப் பதிந்திருந்தன. பிறகு முழங்கையைத் திருப்பச் சொன்னார். அங்கே வெள்ளிச் செதில் படிந்த ஒரு திட்டு இருந்தது. சோரியாசிஸ். நுண்ணோக்கிச் சோதனையிலும் பூஞ்சை இல்லை. உருவம் மாறிய நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதிப் பாதிக்குச் சோரியாசிஸ், அடிபட்ட நகம், லைக்கன் பிளேனஸ் என்ற தோல் நோய் என்று வேறு காரணங்கள் உண்டு. சோதிக்காமல் வாங்கிக் கொடுத்திருந்தால் மதினி ஆறு வாரம் பயனில்லாத மாத்திரையை விழுங்கியிருப்பார். நகத்தில் வேரிலிருந்து நுனி வரை கரிய கோடு ஒன்று புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலும் பூஞ்சை என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அரிதாக அது நகத்தடிப் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

அம்மாவின் மாதிரியில் பூஞ்சை இழைகள் தெளிவாக இருந்தன. நகத்தில் பாதிக்கும் குறைவாக, வேர்ப்பகுதியைத் தொடாமல் இருந்திருந்தால் அமோரால்ஃபின் போன்ற நகப்பூச்சு மருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றார். ஆனால் நகம் என்பது தோலைப் போன்றதல்ல, கெட்டிப்பட்ட தகடு. மேலே பூசுவது அடிக்குப் போய்ச் சேர்வது கடினம். சிக்ளோபிராக்ஸ் என்ற பூச்சை ஏறத்தாழ ஓர் ஆண்டு நாள்தோறும் பூசிய ஆய்வுகளில்கூட நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவர்களுக்கே நகம் முழுதும் தெளிந்தது. மாத்திரை இரத்தத்தின் வழியே நகத்தின் வேருக்கும் படுகைக்கும் போவதால் அதன் பலன் அதிகம். முதலில் கல்லீரல் இரத்தச் சோதனை செய்தார்கள். சரியாக இருந்ததால் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று வீதம் 12 வாரங்கள். கைவிரல் நகமாக இருந்தால் 6 வாரங்கள் போதும். ஆறாவது வாரத்தில் மறுபடியும் கல்லீரல் சோதனை. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, பசியே இல்லாமல் வாந்தி வந்தாலோ மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்றும், சிலருக்கு நாக்கில் ருசி தெரியாமல் போகும், அதையும் சொல்ல வேண்டும் என்றும் எழுதியே கொடுத்தார்.

வேறு மாத்திரைகளும் உண்டு. இட்ராகொனசோல் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிடும் முறையில் தரப்படுகிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது, கொழுப்புக்காகச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. வாரம் ஒரு முறை சாப்பிடும் ஃபுளூகொனசோல், கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம். அம்மாவுக்கு அதைத் தவிர்த்ததற்கு இதுவே காரணம். ஆகவே பக்கத்து வீட்டாருக்குப் பலித்த மாத்திரையை உங்கள் வீட்டிலும் வாங்கிக் கொடுக்காதீர்கள். வேறு என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சீட்டோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை தொடங்கிய அன்று மருத்துவர் செய்த ஒரு சிறு காரியத்தை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல நகமும் சொத்தை நகமும் சந்திக்கும் எல்லையில் பிளேடு முனையால் மேலாக ஒரு கோடு கீறினார். வெளிநுனியிலிருந்து அந்தக் கோடு 14 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தது. "இந்தக் கோடு முன்னால் நகர நகர அதற்குப் பின்னால் வரும் நகம் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பழைய மஞ்சள் நகத்தைப் பார்க்காதீர்கள்" என்றார். மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் கெட்டுப்போன நகம் மறுபடி நல்ல நகமாக மாறாது. அது வளர்ந்து வெளியேறித்தான் ஆக வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது, கால்விரல் நகம் அதில் பாதி, வயதானவர்களுக்கு இன்னும் குறைவு.

நான் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, காலை வெளிச்சத்தில், அதே பாயில் அம்மாவின் காலை வைத்துப் படம் எடுத்தேன். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டேன். முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் கோட்டுக்குப் பின்னால் மெல்லிய பிறைபோல ஒரு வெளிர் இளஞ்சிவப்பு. மூன்றாவது மாதம், 12 வாரமும் முடிந்து மாத்திரையை நிறுத்தியபோது, கோடு மொத்தமே 3 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருந்தது; மஞ்சள் நகம் அப்படியே இருந்தது. அம்மா அன்று மனம் சோர்ந்துவிட்டாள். "மூணு மாசமா முழுங்கின மருந்தெல்லாம் தண்ணியில போட்ட மாதிரித்தான்" என்றாள். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, கைவிடவோ வேறு மருந்தைத் தேடி ஓடவோ செய்கிறார்கள். முதல் மாதப் படத்தையும் அன்றைய படத்தையும் அடுத்தடுத்து வைத்து அந்த 3 மில்லிமீட்டரைக் காட்டினேன். மாத்திரையை நிறுத்திய பிறகும் டெர்பினாஃபின் நகத்துக்குள் பல மாதங்கள் தங்கி வேலை செய்துகொண்டிருக்கும் என்பதையும் சொன்னேன். அவள் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

எல்லோருக்கும் முழுமையாகத் தெளியும் என்று நான் சொல்லவில்லை. இந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுத்தந்த ஆய்வில், கால்விரல் நகத்துக்கு 12 வாரம் சாப்பிட்டவர்களில் 70 சதவீதத்தினருக்குக் கிருமி ஒழிந்தது. கிருமியும் ஒழிந்து நகமும் முற்றிலும் தெளிந்தவர்கள் 38 சதவீதத்தினர்தாம். குணமானவர்களிலும் கணிசமானோருக்கு மீண்டும் வருகிறது. ஆகவே மருந்தைவிட நீண்ட நாள் செய்ய வேண்டிய வேலை வீட்டில் இருக்கிறது.

மருத்துவர் வீட்டிலுள்ள எல்லோருடைய கால்களையும் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு விரலிடுக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது. நாள் முழுவதும் ஷூவும் நைலான் காலுறையும் போட்டுக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன். அது வெறும் வியர்வை என்று நினைத்திருந்தேன். ஒரே குளியலறைத் தரையில் நடந்து, ஒரே நகவெட்டியைப் பயன்படுத்தி வந்தோம். அம்மாவின் நகத்தை மட்டும் குணப்படுத்தியிருந்தால் என் காலிலிருந்தே அவளுக்கு மறுபடி தொற்றியிருக்கும். எனக்கு டெர்பினாஃபின் களிம்பு, ஸ்டீராய்டு கலக்காதது, எழுதித் தந்தார். அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை பூசினேன்.

இப்போது அம்மாவுக்கு ஒரு நகவெட்டி, எனக்கு ஒன்று. பயன்படுத்திய பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து வைக்கிறோம். குளித்து நகம் நெகிழ்ந்த பிறகு நேராக வெட்டுகிறோம், ஓரத்தில் தோண்டுவதில்லை. அம்மாவுக்கு நான்தான் வெட்டுகிறேன், ஏனென்றால் சர்க்கரைக் காலில் சிறு கீறலும் ஆபத்து. பழைய ரப்பர் செருப்புகளை எறிந்துவிட்டோம். நான் பருத்திக் காலுறைக்கு மாறி, இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு ஒன்றை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மொட்டைமாடியில் காயவைக்கிறேன். நெல்லை வெயிலுக்கு அந்தப் பயனாவது உண்டு. காலுறைகளையும் பாய்விரிப்பையும் வெந்நீரில் துவைக்கிறோம். மதினியும் சோரியாசிஸுக்கான சிகிச்சையோடு, பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்தி உறையும் மேலே ரப்பர் உறையும் போட்டுக்கொள்கிறார். பீடி இலையை உறையோடு சுருட்ட முடியாது. வேலை முடிந்ததும் கையை நன்றாகத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதுதான் அவரால் முடிந்தது.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது விரலிடுக்கைத் துடைக்கும் பழக்கம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஈரக்காலோடு நடமாடியவளுக்குக் குளித்தவுடன் ஒவ்வொரு விரலிடுக்காகத் துடை என்றால் எளிதில் வராது. குனிந்தால் முதுகும் வலிக்கிறது. கடைசியில் குளியலறை வாசலில் ஒரு முக்காலி போட்டு, அப்பாவின் பழைய வேட்டியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து ஆணியில் தொங்கவிட்டேன். உட்கார்ந்து அந்தத் துணியை விரலிடுக்கில் நுழைத்து இழுத்தால் போதும். துணியை நாள்தோறும் மாற்றுகிறோம்.

2025 செப்டம்பரில், பதினான்காவது மாதத்தில், கோடு நகத்தின் நுனிக்கு வந்து சேர்ந்தது. மஞ்சளாக எஞ்சியிருந்த துணுக்கு ஒரு அரிசி மணியளவு. நகவெட்டியைக் கையில் எடுத்தபோது, "இரு, நானே வெட்டுதேன்" என்றாள். விளக்கைப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்டி விழுந்த துணுக்கை அவளே ஒரு தாளில் எடுத்து மடித்தாள். அடுத்த மாதச் சோதனைக்குப் போகும்போது அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.